பெரிய நர்ஸின் குரல்

செப்டம்பர் 8, செவ்வாய்

இன்று மீன் ஏலக்காரரை உட்கார வைத்துப் பதிவு செய்தேன். உட்கார வைத்து என்று எழுதுகிறேனே தவிர, மனிதர் உட்காரவே இல்லை. காலமெல்லாம் நின்றுகொண்டே கத்தியவருக்கு நாற்காலியில் பேச்சு வரவில்லை. எழுந்து நின்றதும்தான் குரல் வந்தது. வந்தது என்றால், நூலகத்தின் பின்னறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் யாரை யார் அடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் அறையின் அந்தக் கோடிக்கே கொண்டுபோய்விட்டேன். பழைய புயலைப் பற்றிச் சொன்னார். அலை விளக்குக் கம்பம் உயரத்துக்கு எழுந்ததாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூர்க்காரப் பெண் ஒருத்தி வந்து, "இந்த ஊரைப் பத்திப் புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. இத்தனை அலமாரியில் ஒரு பக்கம்கூட இல்லை. நூலகர் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போது ஆரம்பித்த வேலை இது. எங்கள் ஊர்க்காரர்களை எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். பேசச் சொன்னால் நிறுத்தமாட்டார்கள்.

வீட்டில் இவர், என் வீட்டுக்காரர், எனக்கு 'வானொலி நிலையம்' என்று பேர் வைத்திருக்கிறார். படகு எஞ்சினைப் பிரித்துப் போட்ட கிரீஸ் கையோடு வாசலில் நின்று, "நிலையத்துல சாப்பாடு உண்டா, இல்ல செய்திக்கு அப்புறமா?" என்கிறார்.

சாயங்காலம் பெரிய நர்ஸின் மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டாள். அம்மா இறந்தது போன மாதம்தான். அம்மாவின் போனுக்குப் பூட்டு எண் தெரியாமல் கடையில் கொடுத்தார்களாம். கடைக்காரன் திறந்து கொடுத்தான், உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு. "உங்ககிட்ட அம்மா பேசினது இருக்குல்லக்கா?" என்றாள்.

"பத்திரமா இருக்கும்மா. நீ வந்து நிதானமா கேளு" என்றேன்.

செப்டம்பர் 12, சனி

அந்தப் பதிவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய நர்ஸ் என்றால் ஊரில் பாதிப்பேரைத் தாய் வயிற்றிலிருந்து வாங்கியவர். தெருவில் நடந்தால் மீசை வைத்த ஆளைக்கூட "தலைகீழா வந்தவன்தானேடா நீ" என்று கூப்பிடுவார். அவனும் இளித்துக்கொண்டு நிற்பான். போன வருஷம் பின்னறையில் வந்து உட்கார்ந்து, காலை முழுவதும் பேசினார். பாதி நேரம் நான் சிரித்தேன். கடைசியில் அவருடைய தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தபோது சிரிப்பு நின்றது.

தம்பியைச் சாரங்கு என்றால்தான் தெரியும். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகிற லாஞ்சு என்கிற மோட்டார் படகை ஓட்டியவர். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் டம்ளரை நீட்டியிருக்கிறார் அக்கா. அவருக்குத் தெரியவில்லை. நேராக நீட்டினால் தெரிகிறது. பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் வா என்று கெஞ்சினார். லாஞ்சை விடு என்றார். தம்பி கேட்கவில்லை. அக்காவே துறைமுக அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். மறுநாள் படகுத்துறையில் எல்லோரும் பார்க்கச் சாரங்கை இறக்கிவிட்டார்கள். அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினவர்தான். வருஷங்கள்.

"என் தம்பி மேல எனக்கு உயிரு. ஆனா தினமும் அந்த லாஞ்சுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போகுதே. நான் செஞ்சது சரிதான். திரும்பவும் செய்வேன்" என்றார் பெரிய நர்ஸ். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தான் இருக்கிறவரை இதை யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தன் போனில் மட்டும் ஒரு நகல் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். மகளுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

காற்று சரியில்லை. இவர் படகுகளை மேலே ஏற்றப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

ஊரில் ஒரு உயிருக்கும் சேதமில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் கடல் ரோட்டைத் தாண்டி வந்தது. அலையாக வரவில்லை. சும்மா நடந்து வருகிற மாதிரி வந்தது. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் படி வரைக்கும்தான். கீழ்த்தெரு முழுக்கத் தண்ணீர். மத்தியானம் வடிய ஆரம்பித்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். முன்கதவு தானாகத் திறந்து கிடந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்களெல்லாம் ஊறி, அலமாரியை விட்டு வர மறுக்கின்றன. பின்னறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு.

கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது. பதிவுகளின் இன்னொரு நகல் இருந்த டிஸ்க், மேஜையின் கீழ் டிராயரில்.

போச்சு. எல்லாம் போச்சு. மேல ஒரு மாடி இருக்கு, அதுல ஒரு பீரோ இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு. ஒரு நாள் அந்த டிஸ்க்கைக் கொண்டுபோய் வெச்சிருந்தா என்ன? கை ஒடிஞ்சா போயிருக்கும்? நாளைக்கு நாளைக்குன்னே இருந்தேனே. இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 18, வெள்ளி

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே ஒரு குட்டி நண்டு வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "இது போயிடுச்சு மேடம்" என்றார், நண்டைச் சொல்கிறாரா பெட்டியைச் சொல்கிறாரா என்று ஒரு நொடி தெரியவில்லை. டிஸ்க்கைப் பெரிய ஊருக்கு அனுப்பிப் பார்க்கலாமாம். "ஆசை மட்டும் வைக்காதீங்க."

செப்டம்பர் 21, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது!

ஏலக்காரருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சந்தையில் மேடை மேல் ஏறி நின்று, "லைப்ரரியில நாம பேசி வெச்சதெல்லாம் கடல்ல போச்சாம்! போன்ல வெச்சிருக்கிறவங்க எல்லாம் கொண்டுபோய்க் குடுங்க!" என்று ஒரு கத்து கத்தினாராம். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு. பத்து மணிக்குள் நூலக வாசலில் வரிசை.

பேசிய ஒவ்வொருவருக்கும் அப்போதே ஒரு நகல் கொடுத்திருந்தேன். மரியாதைக்குக் கொடுத்ததுதான். யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளுக்கு. முடிதிருத்துபவர் தான் பேசியதிலேயே ஒரு வரியை வெட்டி, போன் மணியாக வைத்திருக்கிறார். யாராவது கூப்பிட்டால் அவரே அவரிடம், "அப்பல்லாம் கத்தரி கடல் தாண்டி வரும்" என்கிறார். வலை பின்னுகிற அம்மா, போனைப் புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். அதைத் திறக்கத் தெரியாது, உள்ளே தன் பேச்சு இருப்பது மட்டும் தெரியும்.

பின்னறை இன்னும் ஈரம். மாடிப்படியிலேயே உட்கார்ந்தோம். செல்போன் ரீசார்ஜ் கடைக்காரப் பெண் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கடையைப் பூட்டிவிட்டு, நாள் முழுக்க ஒவ்வொரு போனாக வாங்கி ஏற்றினாள். "உங்களுக்கு யாவாரம் கெடுதே" என்றேன். "எங்கப்பா பேசினதும் இதுல இருக்குக்கா" என்றாள்.

ஏலக்காரருடையது புதுசு. நகல் கொடுத்திருக்கவில்லை. படியில் நின்றே மறுபடி சொன்னார். இந்த முறை அலை கலங்கரை விளக்கம் உயரம். "போன தடவை விளக்குக் கம்பம்னீங்களே அண்ணே?" என்றேன். "அது தண்ணி வர்றதுக்கு முன்னாடி சொன்னது" என்றார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

எண்ணிப் பார்த்துவிட்டேன். அநேகமாக எல்லாம் திரும்பிவிட்டன. பெரிய நர்ஸ் மட்டும் இல்லை.

செப்டம்பர் 24, வியாழன்

பெரிய நர்ஸின் மகளைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இவர்தான், "சொல்லிடு. நாள் தள்ளினா விஷயம் பெரிசாகும், நீ சின்னதாகிடுவே" என்றார்.

சொன்னேன். பத்திரமாக இருக்கிறது என்று சொன்னது, அன்றைக்கு உண்மை. இன்றைக்கு இல்லை. தண்ணீர் வந்ததைச் சொன்னேன். டிஸ்க்கை அனுப்பியிருப்பதைச் சொன்னேன். என் தப்பு என்றேன்.

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை.

"அம்மா முகம் இருக்குக்கா. போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டே வருது" என்றாள். பிறகு, "பரவாயில்லக்கா. கடல் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னாள். "கடைசி நேரத்துல அம்மா தனியா இருந்தாங்க. ஊர்ல பாதிப்பேரு பிறக்கும்போது பக்கத்துல இருந்தவங்க. அவங்க போகும்போது யாருமே இல்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல."



செப்டம்பர் 26, சனி

டிஸ்க்கில் ஒன்றும் தேறாது என்று பெரிய ஊரிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 29, செவ்வாய்

எது போயிற்று என்று இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். இன்று போனுக்கு ரீசார்ஜ் செய்யப் போனபோது கடைக்காரப் பெண் அவளாகவே கேட்டாள். "எல்லாம் வந்துடுச்சாக்கா?"

"பெரிய நர்ஸோடதுதான் வரல."

அவள் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். "அதை நானே ஒரு மெமரி கார்டுல ஏத்திக் குடுத்தேனேக்கா! பாட்டுக் கேக்கிற சின்னப் பெட்டி ஒண்ணும் வாங்கினாங்க. பட்டன் பெரிசா இருக்கணும்னு கேட்டாங்க. கண்ணு தெரியாதவங்களும் தடவிப் பார்த்து அமுக்கணுமாம்."

"யாருக்குன்னு சொன்னாங்களா?"

"தம்பிக்குன்னாங்க."

கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர் வருகிறவரெல்லாம் தலைசுற்றலா என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 30, புதன்

சாரங்கு படகுத்துறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஓர் இடம். பானை, செருப்பு, கைத்தடி, எதுவும் விரற்கடை நகராது. நான் வாய் திறக்கும் முன்பே, "பூச்சி உருண்டை வாசனை வருது. லைப்ரரியா?" என்றார்.

"ஆமாண்ணே."

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னல் விளிம்பில் இருந்தது அந்தப் பெட்டி. கையளவு. பொத்தான்களில் ஒன்று மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"இருக்கு. ஆனா குடுக்கமாட்டேன்" என்றார். "என் அக்கா எனக்குக் குடுத்தது. ஊர்ச் சொத்தில்ல."

"ஊருக்கு வேண்டாம்ணே. அவங்க பொண்ணுக்கு..."

"அந்தப் பொண்ணு என்னை என்ன சொல்லுச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீயும் அங்கதானே நின்னே."

தெரியும். நர்ஸ் இறந்த அன்று மகள் வந்து இறங்கியபோது, கூட்டத்தில் சாரங்கும் நின்றிருந்தார். "உயிரோட இருக்கும்போது எட்டிப் பார்க்காதவர் இப்ப எதுக்கு வந்தார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நான்கூட மனதுக்குள், நன்றாகக் கேட்டாள் என்று நினைத்தேன்.

வெறும் கையோடு வந்தேன். ஆனாலும் பாரம் பாதி குறைந்துவிட்டது. குரல் இருக்கிறது. எங்கேயோ ஒரு ஜன்னல் விளிம்பில், ஈரம் படாமல்.

அக்டோபர் 1, வியாழன்

இவர் சொன்னது: "நீ வாங்கப் போனே, அதான் குடுக்கல. கேக்கப் போ."

அக்டோபர் 3, சனி

போனேன். "கார்டு வேண்டாம்ணே. பெரிய நர்ஸ் பேசறதை ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன். எனக்கும் அவங்க ஞாபகமாவே இருக்கு" என்றேன். பொய் இல்லை.

பிறகு ஸ்டூலைத் தடவி என் பக்கம் தள்ளினார்.

பெட்டியிலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஆரம்பிச்சாச்சா? சிவப்பு லைட் எரியுதே, அதானா?" என் சொந்தக் குரலும் கேட்டது, "ஆமாக்கா, பேசுங்க." சாரங்கின் உதடு அசைவதை அப்புறம்தான் பார்த்தேன். அக்கா சொல்லப்போகிற ஒவ்வொரு வரியையும் அவர் அரை மூச்சு முந்திச் சொல்லிக்கொண்டிருந்தார். இருமல் வருகிற இடம்கூடத் தெரிந்திருந்தது.

அவரைப் பற்றி அக்கா சொன்ன இடம் வந்தது. 'நான் செஞ்சது சரிதான். திரும்பவும் செய்வேன்.' அதையும் சேர்ந்து சொன்னார்.

முடிந்ததும் பொத்தானை அமுக்கினார். "சரிதான். அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "அவ சொன்னது தப்பா இருந்திருந்தா மறுநாளே போய்ச் சண்டை போட்டுட்டுச் சேர்ந்திருப்பேன். சரியா இருந்ததுதான் கோபம்."

பெட்டியைத் தடவி ஜன்னல் விளிம்பில் திரும்ப வைத்தார்.

"இது வந்த வாரமே போயிட்டேம்மா."

"எங்கண்ணே?"

"அவ வீட்டுக்குத்தான். பின்பக்கக் கதவு வழியா. மத்தியானத்துல தெருவுல ஆள் இருக்காது. இத்தனை வருஷம் முறுக்கிக்கிட்டு இருந்துட்டு, முன்வாசல் வழியா எப்படிப் போறது? ஊரு சிரிக்காதா? அவளுக்கு அது ஒரே குஷி. கள்ளக் காதலன் மாதிரி வர்றியேடான்னு சிரிப்பா. அப்புறம் தினமும்தான்."

"இதை அன்னிக்கே அவங்க பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"அம்மா கிடக்கா. பொண்ணு அழுதுட்டு நிக்குது. அதுகிட்டப் போய், நான் வந்தேன் நான் வந்தேன்னு எனக்கு நல்ல பேர் தேடிக்கச் சொல்றியா?"

கிளம்பும்போது அவரே சொன்னார். "அதை வரச் சொல்லு. கேட்டுக்கட்டும். கார்டை நீயும் ஏத்திக்க. ஆனா நான் போய் வந்தது உன்னோட இருக்கணும். அதுகிட்ட வாய் திறக்கக் கூடாது."

அந்த அக்காவுக்கு ஒரு சத்தியம், இந்தத் தம்பிக்கு ஒரு சத்தியம். இந்தக் குடும்பத்துக்கு வாய் மூடி இருப்பதே என் உத்தியோகம் போலிருக்கிறது.

அக்டோபர் 5, திங்கள்

கார்டை நகல் எடுத்து மாடி பீரோவில் வைத்தேன். ரீசார்ஜ் கடையில் ஒன்று. எங்கள் வீட்டில் ஒன்று. இவர், "படகுலயும் ஒண்ணு கட்டிவிடட்டுமா?" என்றார். சிரித்தேன். ரொம்ப நாளுக்கு அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். யாரிடம் இருந்தது என்றும் சொன்னேன். "மாமாகிட்டயா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு வருகிறாள்.

அக்டோபர் 11, ஞாயிறு

மாடி அறையைப் பெருக்கி, மூன்று நாற்காலி போட்டு வைத்தேன். சாரங்கு வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். இவர் போய், "பெட்டியை எப்படி இயக்கறதுன்னு எங்க வீட்டம்மாவுக்குத் தெரியலையாம்" என்று ஏதோ புளுகி, தோளைப் பிடிக்க வைத்துப் படியேற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

பெரிய நர்ஸின் மகள் மாமாவைப் பார்த்தாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தாள். அவர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன். 'ஆரம்பிச்சாச்சா? சிவப்பு லைட் எரியுதே...' என்று வந்ததும் அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

லாஞ்சில் குழந்தை பிறந்த கதை வந்தது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நட்டாற்றில் ஒரு பெண்ணுக்கு வலி முற்றிவிட்டது. படகில் நிறைய ஆண்கள். சாரங்கு எஞ்சினை நிறுத்தினார், எல்லா ஆண்களையும் முன்பக்கம் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னார். அந்தப் பெண் கத்துவது யாருக்கும் கேட்கக் கூடாது என்று உரக்கப் பாட ஆரம்பித்தார். 'பாட்டுன்னா பாட்டு! மேல பறந்த பறவையெல்லாம் திசை மாறிப் போச்சு. அந்தப் பொண்ணு வலியை மறந்துட்டு, அவரை நிறுத்தச் சொல்லுங்க சிஸ்டர்னு கெஞ்சினா' என்றது பெரிய நர்ஸின் குரல்.

சாரங்கு சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. முதலில் இரண்டு மூன்று முறை திக்கி, பிறகு பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய எஞ்சின் மாதிரி.

"நிறுத்துங்கக்கா" என்றாள் அவள்.

நிறுத்தினேன். கோபம் வந்துவிட்டது என்று பயந்தேன்.

அவள் அவரையே பார்த்தாள். "இந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கேன். அம்மாவுக்கு மத்தியானம் போன் பண்ணும்போதெல்லாம் பின்னாடி கேக்கும். யாரும்மா பக்கத்துலன்னு கேட்டா, ரேடியோடின்னு சொல்லுவாங்க."



"ரேடியோன்னா சொன்னா?" என்றார் சாரங்கு. அப்புறம் மறுபடி அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா, நீங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"நீ ஜன்னலுக்குத் திரை வாங்கினியே, பச்சைக் கலர். உங்கம்மா போன்ல நீலம் வாங்குன்னா. நான்தான் பக்கத்துல இருந்து, கண்ணு தெரிஞ்சவ அவ, அவ இஷ்டத்துக்கு வாங்கட்டும் விடுன்னு சொன்னேன்."

அவள் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். கேட்கப் பயந்து கேட்டாள். "அன்னிக்கு?"

"அன்னிக்கும் இருந்தேம்மா. சாப்பிட்டுட்டு நாற்காலியில சாஞ்சிருந்தா. நான் பழைய கதை ஏதோ சொல்லிட்டிருந்தேன். 'ம்' கொட்டிட்டே இருந்தா. அப்புறம் 'ம்' வரல. தூங்கிட்டான்னு நெனச்சு இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன். கையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் பின்பக்க வேலி வழியா பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் குடுத்துட்டு ஒதுங்கிட்டேன். எல்லாரும் வந்தாங்க. நானும் கூட்டத்தோட ஒருத்தனா நின்னுக்கிட்டேன்."

"அப்ப அம்மா தனியா இல்லையா?"

"இல்லம்மா. தனியா இல்ல."

அவள் அவர் தோளில் தலையை வைத்து அழுதாள். அம்மா இறந்த அன்று அழுத அழுகை இல்லை இது. நெஞ்சில் கட்டி வைத்திருந்ததை இறக்கி வைக்கிற அழுகை. நானும் இவரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கிரீஸ் வாசனையோடு.

கொஞ்சம் கழித்து அவளே கூப்பிட்டாள். மீதியைக் கேட்டார்கள். பதிவின் கடைசியில் பெரிய நர்ஸ் என்னிடம், 'போதும்மா, நிறுத்து. தொண்டை காஞ்சு போச்சு. தண்ணி குடு' என்கிறார். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். "இதுதான்க்கா எங்கம்மா. இப்படித்தான் கேப்பாங்க" என்றாள்.

போகும்போது, மாமாவைப் படியிறக்க இவர் கை கொடுக்கப் போனார். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் முந்திக்கொண்டாள். முன்வாசல் வழியாகத்தான் போனார்கள். பேப்பர் படிக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 12, திங்கள்

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன். இவர் எழுப்பவில்லை.

நவம்பர் 20, வெள்ளி

பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னல் பக்கம் மட்டும் இன்னும் உப்புப் பூக்கிறது. இன்று முடிதிருத்துபவரின் அண்ணன் வந்து பேசினார். தம்பி சொன்னது எதுவும் உண்மையில்லை என்று சொல்வதற்கே வந்தார். இருவரையும் ஒரே பீரோவில்தான் வைக்கப்போகிறேன்.

பெரிய நர்ஸின் மகள் நூலகத்துக்கே கூப்பிட்டாள். மாமா நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லையாம். "கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்றீங்களாக்கா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

ஓடினேன். மனுஷர் கட்டிலில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன் அவர் தலையணைக்கு அடியில், சார்ஜ் இல்லாமல்.

"அந்தப் பொண்ணு அங்க துடிக்குது, நீங்க இங்க ஜம்முனு உட்கார்ந்திருக்கீங்களா?" என்றேன்.

"தினமும் கூப்பிடறாம்மா. சாப்டியா, மருந்து போட்டியா, கண் டாக்டர்கிட்ட போனியா. அம்மாவுக்கு மேல இருக்கா" என்றார். "பேசாம இருந்த காலம் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

போனை வாங்கிச் சார்ஜில் போட்டேன். அது உயிர் பெற்று ஒரு சத்தம் எழுப்பியது. கட்டிலிலிருந்து எழுந்து, தடவிக்கொண்டே வந்து, நாற்காலியை இழுத்து அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மணி என்ன?" என்றார்.

"ஆறு ஆகப்போகுதுண்ணே."

"அப்ப நீ கிளம்பு. அவ கூப்பிடுற நேரம்."